பல்லி சொல்லும் இருபத்தாறு நிமிடம்

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள்:

மணமகள். நாற்பத்தொன்பது வயது. செயற்கைப் பற்கள் செய்யும் கூடத்தில் வேலை.
மணமகன். ஐம்பத்திரண்டு. லிஃப்ட் மெக்கானிக்.
மணமகளின் மகள். இருபது. முதல் கல்யாணத்தில் பிறந்தவள்.
மணமகனின் அக்கா.
அக்காவின் கணவர். காது மந்தம், ஒத்துக்கொள்ள மாட்டார்.
பதிவாளர். கீழ்த்தளத்தில் மட்டும்.
வீட்டுக் காப்பாளர்.
படக்காரர்.

எட்டுப் பேர். பட்டியலைப் போட்டவர் காப்பாளர். வயதையும் தொழிலையும் காது மந்தத்தையும் நான் பிறகு சேர்த்துக்கொண்டேன். அவருக்குத் தலை எண்ணிக்கை போதும். மேல்மாடித் தரை இருநூறு வருடத்து மரம். ஒரே அறையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. யார் எப்போது எந்த அறையில் என்று ஒரு அட்டையில் தாளைச் செருகி எழுதிக்கொண்டே பின்னால் வருவார். கல்யாண வீட்டில் இப்படி ஒருவர் பரீட்சை மேற்பார்வையாளர் மாதிரி நடமாடினால் எரிச்சலாகத்தான் இருக்கும். எனக்குப் பழகிவிட்டது. அந்த வீட்டில் அது என்னுடைய பன்னிரண்டாவது கல்யாணம்.

பட்டியலில் கடைசி ஆள் நான்.

அந்த வீடு ஓர் அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. ஒரு பக்கம் வங்கி, மறுபக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை, நடுவில் மூன்று மாடி. வாரத்தில் நான்கு நாள் பார்வையாளர்கள் வருவார்கள். மற்ற நாட்களில் சின்னக் கல்யாணங்களுக்கு விடுவார்கள். படம் எடுக்க மூன்று பேருக்கு மட்டும் அனுமதி. அந்த மூவரில் நான் ஒருவன். அது இல்லாவிட்டால் எனக்குப் படத்தொழிலே இல்லை. வெளியில் எனக்குப் பெரிய பேர் கிடையாது.

அதற்கு முன்னால் குளிர்கிடங்கில் இரவு வேலை பார்த்தேன். மீனும் மருந்தும் அடுக்கியிருந்த ஒன்பது அறைகள், ஒன்பது திரைகள், ஒவ்வொரு திரையிலும் ஒரு கோடு. கோடு நேராகப் போனால் கதவு மூடியிருக்கிறது. ஏறினால் யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள். ஏறிய நேரத்தையும் காரணமான ஆளையும் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரு முறை ஆறாம் அறையின் கோடு பத்தொன்பது நிமிடம் ஏறி நின்றது. கதவைத் திறந்தது யார் என்று நான் பார்க்கவில்லை. ஆள் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. அன்று அங்கே வண்டி ஓட்டியவரின் பெயரை எழுதினேன். மறுவாரம் அந்த வண்டியில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். அதனால் நான் தூக்கம் கெட்டேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். நன்றாகத்தான் தூங்கினேன், பகல் முழுவதும். வேலையை விட்டது வேறு காரணத்துக்காக. சூரியனைப் பார்க்காமல் ஐந்து வருடம் போயிருந்தது.

காப்பாளருக்கு என்னைவிடப் பத்து வயது அதிகம் இருக்கும். படக்காரர்கள் நாங்கள் மூன்று பேரும் அவரைச் சாவி அக்கா என்போம். இடுப்பில் இருபத்திரண்டு சாவி. வீட்டின் பின்பக்கத்தில் இரண்டு சின்ன அறைகளில் ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறார். வேலை இருக்கும்வரைதான் அந்த அறைகள்.

அன்று மதியம் ஒன்றரைக்கு நான் போனபோது நேராக என்னைப் பறவை அறைக்கு அழைத்துப் போனார். மேல்மாடியில் மேற்குப் பார்த்த அறை. நான்கு சுவரிலும் கையால் வரைந்த காகிதம் ஒட்டியிருக்கும். மரக்கிளைகள், நீண்ட வால் பறவைகள். இப்போது எல்லாம் ஆறிப்போன டீயின் நிறம். ஒரு மூலையில் மட்டும் ஆளுயரத்துக்குப் பளீரென்ற நீலம். அங்கே நூறு வருடமாக ஓர் அலமாரி நின்றிருந்தது, எடுத்துவிட்டார்கள். மிச்ச நீலத்தை வெயில் தின்றுவிட்டது. அதனால் அந்த அறைச் சன்னலின் உள்பக்கப் பலகைகளை எப்போதும் சாத்தியே வைத்திருப்பார்கள். மங்கலாக ஒரு விளக்கு மட்டும். ஃபிளாஷ் கூடாது.

கதவுக்குப் பக்கத்துச் சுவரில் தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியைக் காட்டினார்.

“இது புதுசு. போன மாசம் வெச்சாங்க. நான் பல்லின்னு பேர் வெச்சிருக்கேன்.”

“எதுக்கு?”

“அறைக்குள்ள எவ்வளவு வெளிச்சம் விழுதுன்னு நிமிஷத்துக்கு நிமிஷம் குறிச்சுக்கும். சுவத்துல ஒட்டிக்கிட்டு எல்லாத்தையும் பார்க்கும், மூச்சு விடாது. மாசக் கடைசியில மொத்தமா சொல்லும்.”

பிறகு சாதாரணக் குரலில், மழை வரும்போலிருக்கிறது என்பதைப் போல, மீதியைச் சொன்னார். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு மணமகன் காற்று வரட்டும் என்று பலகையைத் திறந்துவிட்டான். அறக்கட்டளையிலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. இன்னொரு முறை நடந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள் என்று கடைசி வரியில் இருந்தது.

“ஒன்பது வருஷச் சாமானை எங்க கொண்டு போய் வெக்கிறது? அதனால நீங்களும் பல்லிக்குப் பயந்து நடங்க, தம்பி.”

நான் சிரித்துக்கொண்டே சரி என்றேன்.

இரண்டு மணிக்கு அவர்கள் வந்தார்கள். ஒரே காரில் ஐந்து பேர். மணமகள் சாம்பல் நிறப் பட்டு உடுத்தியிருந்தார். மணமகன் கோட்டுக்குள் ஒடுங்கிப் போயிருந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் படிக்கட்டின் கைப்பிடிச் சட்டத்தை அசைத்துப் பார்த்தார். ஓர் ஆணி கழன்றிருக்கிறது என்று காப்பாளரிடம் சொன்னார். அவர் அதையும் தாளில் குறித்துக்கொண்டார்.

அவர்கள் சந்தித்த கதையை அக்காதான் சொன்னார், நான் படிக்கட்டில் வைத்து அவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, தலையை அசைக்காதீர்கள் என்று நான் சொன்னதைக் காதில் வாங்காமல். பற்கூடம் இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே மணமகள் தனியாக, கையில் ஒரு தட்டு நிறையப் பற்களோடு. சரிசெய்ய வந்தவர் இவர். கதவு திறக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் மூடிய கதவின் இரண்டு பக்கமும் நின்று பேசியிருக்கிறார்கள். கதவு திறந்ததும் இவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் மணமகள்தான் லிஃப்ட் கம்பெனிக்கு போன் செய்து, லிஃப்டில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று பொய் சொல்லி வரவழைத்தார்.

“எங்க தம்பி மூஞ்சியைப் பார்த்துப் பேச மாட்டான்” என்றார் அக்கா. “கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டதே பாத்ரூம் கதவுக்கு வெளியில நின்னுதான். அவங்க உள்ள பல் தேய்ச்சிட்டு இருந்திருக்காங்க. ரெண்டு தடவை கேட்டானாம்.”

பதிவுக்கு முன்னால் ஒருவருக்கொருவர் நாலு வார்த்தை சொல்லிக்கொள்வதாகத் திட்டம். பறவை அறையில் நேருக்கு நேர் நின்றார்கள். தலை எண்ணிக்கைக்காகக் காப்பாளர் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டார். மணமகன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார், பார்த்தார், மடித்தார், மறுபடி பிரித்தார். ஒரு நிமிடம் போனது. இன்னொரு நிமிடமும் போனது. அக்காவின் கணவர், என்ன சொன்னான் என்று பக்கத்தில் கேட்டார். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்று அக்கா அவர் காதில் கத்தினார்.

மகள்தான் சொன்னாள். “அவரை வெளியில நிக்க வெச்சுக் கதவைச் சாத்திடுங்களேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். மணமகன் சிரிக்கவில்லை. மூழ்குகிறவனுக்குக் கயிறு கிடைத்த மாதிரி அவளைப் பார்த்தார்.

கீழே இருந்த பதிவாளரிடம் காப்பாளர் போய்ச் சொல்ல, அவர் மேலே பார்த்து ஒரு பதில் அனுப்பினார்: கதவுக்குப் பின்னால் பேசுவது அவர்கள் சொந்த விஷயம், தன் முன்னால் வந்து பேசுவதுதான் கல்யாணம், நாலு மணிக்குத் தனக்கு இன்னொரு ஜோடி இருக்கிறது.

அப்படித்தான் நான் பறவை அறைக்குள் தனியாக விடப்பட்டேன். தனியாக என்றால் மணமகளும் மகளும் நானும். மற்றவர்கள் வெளியே, படிக்கட்டு முடிகிற இடத்தில். படக்காரனைக் காப்பாளர் இல்லாமல் அந்த அறையில் விடக் கூடாது என்பது விதி. காப்பாளர் வாசலில் தயங்கினார். என்னோடு அவரும் உள்ளே நின்றால் அவர்களால் மனம்விட்டுப் பேச முடியாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். “சன்னல்” என்று என்னைப் பார்த்து ஒற்றை வார்த்தை சொன்னார். தலையாட்டினேன். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார்.

மணமகள் கதவருகே போய் உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். பிறகு காதையும் வைத்தார்.

வெளியிலிருந்து குரல் வந்தது. அதுவரை கேட்காத குரல், நிதானமாக, வேலைக்காரனின் குரல்.

“உள்ள எத்தனை பேரு?”

மணமகள் கண்ணை மூடிக்கொண்டார். லிஃப்ட் நின்ற அன்று மணமகன் கேட்ட முதல் கேள்வி அது என்று பிறகு தெரிந்தது.

“மூணு பேரு” என்றார். “நான், என் பொண்ணு, படக்காரர்.”

“பயப்படாதீங்க. காத்து இருக்கு.”

“தெரியும்.”

கேமராவில் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கதவு ஒரு கருப்பு, அவர் ஒரு கருப்பு. கேமராவின் உணர்திறனை ஏற்ற ஏற்றப் படத்தில் மணல் அள்ளிக் கொட்டியது போலப் புள்ளிகள்தான் வந்தன. பன்னிரண்டு கல்யாணத்தில் இப்படி ஒரு முகத்தை நான் எடுத்ததில்லை. என்ன நேரம் என்று எனக்குத் தெரியும், சூரியன் எங்கே நிற்கும் என்றும் தெரியும். இரண்டடி பின்னால் நகர்ந்து இடது கையால் சன்னல் பலகையை ஒரு சாண் இழுத்தேன்.

யாரும் கேட்கவில்லை. எனக்கு அந்தப் படம் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே வந்து அவர் கன்னத்திலும் கதவில் வைத்த விரல்களிலும் விழுந்தது. கண் மூடியிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. மிச்ச வெளிச்சம் அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு பறவைமேல் போய் உட்கார்ந்தது. அதன் கண்ணை நான் பழுப்பு என்றே நினைத்திருந்தேன். சிவப்பு.

“அன்னைக்கு வேற மூணு இடத்துல இருந்து போன் வந்துச்சு” என்றது கதவு. “சீக்கிரம் வா, ஆள் மாட்டியிருக்குன்னு. நான் போகல. உங்ககிட்ட அதைச் சொல்லல. கதவு எப்பவோ திறந்திருக்கும், இருபது நிமிஷத்துல வேலை முடிஞ்சிருச்சு. இன்னும் கொஞ்சம் பேசலாம்னு சும்மா தட்டிக்கிட்டு இருந்தேன்.”

மணமகள் கண்ணைத் திறக்காமலேயே சிரித்தார். கன்னத்தில் தண்ணீர் இறங்கியது.

“அதுவும் தெரியும்” என்றார். “எனக்கும் பல்லுக்கும் பசியே எடுக்கல அன்னைக்கு. நீங்க திறங்க.”

பதினான்கு படம் எடுத்தேன். ஏழாவதுதான் படம். எடுக்கும்போதே தெரிந்தது.

கதவு திறந்தது. மணமகன் உள்ளே வரவில்லை. கையை நீட்டினார், மணமகள் அதைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார், இருவரும் படியிறங்க ஆரம்பித்தார்கள். கைகோத்துப் படியிறங்குவதை முன்னாலிருந்து எடுக்க வேண்டும். நான் அவர்களை இடிக்காமல் பக்கவாட்டில் ஓடினேன். காப்பாளர் படிக்கட்டில் தலைகளை எண்ணிக்கொண்டே எங்கள் பின்னால் வந்தார்.

கீழே பதிவாளர் முன்னால் எல்லாம் கச்சிதமாக நடந்தது. மணமகன் கேட்டதற்கெல்லாம் ஆம் என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. சாட்சிக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டால் அக்காவின் கணவர் மணமகன் கட்டத்தில் பேனாவை வைக்கப் போனார். “உங்களுக்கு ஏற்கெனவே ஒண்ணு ஆயிடுச்சு, போதும்” என்று அக்கா பேனாவைப் பிடுங்கினார்.

பிறகு பின்தோட்டம். இருவரையும் சுவரோரம் நிறுத்திவிட்டு, வீடு முழுக்கத் தெரியட்டும் என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். கேமராவைக் கண்ணில் வைத்தேன். மேல்மாடியில் ஐந்து சன்னல். நான்கு இருட்டாக இருந்தன. ஐந்தாவதில் ஒரு சாண் இடைவெளி, அதற்குள் மாலை வெயில் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு ஓடினேன். படி இரண்டிரண்டாக ஏறினேன். அறைக்குள் வெளிச்சக் கோடு கதவை விட்டு நகர்ந்து, மூலையில் மிச்சமிருந்த அந்த நீலத்தின்மேல் கிடந்தது. பலகையைச் சாத்தினேன். இருட்டில் நின்றுகொண்டு பல்லியைப் பார்த்தேன். அதில் சின்னதாக ஒரு பச்சைப் புள்ளி விட்டுவிட்டு எரிந்தது.

இறங்கி வரும்போது காப்பாளர் படியடியில் நின்றிருந்தார்.

“மேல என்ன?”

“லென்ஸ் மூடியை விட்டுட்டேன்.”

அவர் என் கையைப் பார்த்தார். அட்டையில் எதையோ எழுதினார்.

அதற்குப் பிறகு எடுத்த படங்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. கைக்கு வேலை தெரியும். தோட்டத்தில் மகள் என் பக்கத்தில் வந்து நின்று, குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“நீங்க அதைத் திறந்ததை நான் பார்த்தேன். அம்மா முகம் எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

எனக்கு உதவி செய்வதாக நினைத்திருந்தாள். நல்ல பெண். கேமராவின் நேரத்தைப் பார்த்தேன். ஏழாவது படம் மூன்று மணி பன்னிரண்டு. தோட்டத்தில் சன்னல் தெரிகிற படம் மூன்று முப்பத்தேழு. சாத்தும்போது முப்பத்தெட்டு. இருபத்தாறு நிமிடம். மாதக் கடைசியில் ஏதோ ஓர் அலுவலகத்தில் யாரோ ஒருவர் திரையில் ஒரு கோட்டைப் பார்ப்பார். இருபத்தாறு நிமிடம் ஏறி நிற்கும். யார் என்று கோட்டுக்குத் தெரியாது. அங்கே உட்கார்ந்திருப்பவன் என்னைப் போன்றவன் என்றால், கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக ஒரு பெயரை எழுதுவான். எந்தப் பெயர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நாலே முக்காலுக்கு அவர்கள் கிளம்பினார்கள். மணமகன் எனக்குக் கை கொடுத்தார், பேசவில்லை. காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தியபின் கண்ணாடியை இறக்காமலேயே உள்ளிருந்து ரொம்ப நன்றி என்று கத்தினார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான் முன்கூடத்துக்குத் திரும்பினேன். காப்பாளர் மேசையில் தாளை வைத்து என் பக்கம் திருப்பினார். முடிந்ததும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் ஏற்கெனவே போட்டிருந்தார். நடுவில் ஒரு வரி: சன்னல்கள் திறக்கப்பட்டனவா, ஆம் அல்லது இல்லை, ஆம் எனில் யாரால். இல்லை என்பதைச் சுற்றி அவர் வட்டம் போட்டிருந்தார். பறவை அறைக்கு நேராக, படக்காரர் தனியாக, மூன்று பத்து முதல் மூன்று பதினாறு, என் அனுமதியுடன், என்று எழுதியிருந்தார். அதை எழுத வேண்டிய அவசியம் இல்லை. விதியை மீறியதை அவரே எழுதிக் கொடுத்திருந்தார்.

பேனாவை எடுத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

இல்லை என்பதை அடித்தேன். ஆம் என்பதைச் சுற்றி வட்டம் போட்டேன். யாரால் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். மூன்று பன்னிரண்டு முதல் மூன்று முப்பத்தெட்டு வரை. காப்பாளருக்குத் தெரியாமல். படமெடுக்க. தொடக்கமும் முடிவும் கேமராவில் பதிந்திருக்கின்றன, கேட்டால் காட்டுகிறேன் என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவ்வளவு கோபத்தையும் எதிர்பார்க்கவில்லை. குரலை உயர்த்தவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

“நான் கதவைச் சாத்தினதும் திறந்தீங்க.”

“ஆமா.”

“படியில கேட்டப்பவே சொல்லியிருந்தா, நானே அந்த நிமிஷம் போன் பண்ணிச் சொல்லியிருப்பேன். நானா சொன்னதா இருந்திருக்கும். இப்போ பல்லி சொல்லிடும்னு பயந்து சொன்ன மாதிரி இருக்கு.”

“அப்படித்தான்க்கா.”

“உங்க பேரை எடுத்துடுவாங்க.”

“தெரியும்.”

“என்னையும் விட மாட்டாங்க. நான்தானே தனியா விட்டேன்.”

இதையும் எழுதட்டுமா என்று கேட்டேன். தாளில் இடமில்லை என்றார். பிறகு, எழுதியது போதும், படிக்கிறவர்கள் படிக்கட்டும் என்றார். கோட்டை மட்டும் பார்ப்பார்களா, தாளையும் படிப்பார்களா என்று இருவருக்கும் தெரியாது. இப்போதும் எனக்குத் தெரியாது. மாதம் முடிய இன்னும் எட்டு நாள் இருக்கிறது. குளிர்கிடங்கில் இரவு ஆள் தேவை என்று போன வாரம் பலகை மாட்டியிருந்ததைப் பார்த்தேன்.

பையை மூடப் போனபோது அவர் கையை நீட்டினார்.

“காட்டுங்க.”

ஏழாவது படத்தை எடுத்துக் கொடுத்தேன். கேமராவைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மணமகளைப் பார்த்தாரா, பறவையைப் பார்த்தாரா, தெரியவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்பது வருடத்தில் அந்தச் சுவரை வெயிலில் அவர் ஒரு தடவையும் பார்த்திருக்க மாட்டார். அவர் வேலையே அதைப் பார்க்காமல் இருப்பதுதான்.

“கண்ணு சிவப்பா?” என்றார்.

“ஆமா.”

“கதவுக் கைப்பிடியைத் தேய்க்காம விட்டிருக்கேன். அதுவும் நல்லாத் தெரியுது” என்று கேமராவைத் திருப்பிக் கொடுத்தார்.

வாசல்வரை வந்தார். நான் வெளியே இறங்கியதும் கதவைச் சாத்தினார். அந்தக் கதவுக்கு மூன்று பூட்டு. மேல் பூட்டு விழுந்தது. நடுப்பூட்டு விழுந்தது. நான் இன்னும் படியில்தான் நின்றிருந்தேன்.

உள்ளிருந்து குரல் வந்தது.

“தம்பி, லென்ஸ் மூடியை எடுத்துக்கிட்டீங்களா?”

“எடுத்துக்கிட்டேன்க்கா.”

சாவிக்கொத்து குலுங்கியது. கீழ்ப்பூட்டு விழுந்தது.